காலிப் பாக்கெட்டை யார் வாங்குவார்கள்? வடசென்னைச் சிறு வியாபாரிகளும் குழப்பும் குப்பை விதிகளும்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வீட்டிலேயே இட்லிப் பொடியும் சாம்பார்ப் பொடியும் அரைத்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். மிளகாயையும் மல்லியையும் எங்கே வாங்குவது, எந்த மில்லில் கொடுத்து அரைப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அரைத்த பொடியை எதில் போட்டுக் கொடுப்பது என்பதில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. பொடி நமுத்துப் போகக் கூடாது, மணம் போய்விடக் கூடாது. பாக்கெட்டின் மேல் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பாக்கெட் அரசின் தடைப் பட்டியலில் இருக்கக் கூடாது. இவ்வளவுக்கும் மேலாக, பொடி தீர்ந்த பின் அது மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்று வாங்குபவர்களில் சிலராவது எதிர்பார்க்கிறார்கள்.

இத்தனை எதிர்பார்ப்பையும் ஒரே பாக்கெட் நிறைவேற்றுவது கடினம். காரணம், ஒவ்வொரு விதியும் அந்தப் பாக்கெட்டின் வாழ்நாளில் வெவ்வேறு கட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதி, பொடி உண்ணப்படும் வரை அதற்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறது. மாநிலத் தடை, கடையில் கை மாறும் நேரத்தைப் பார்க்கிறது. சந்தையில் விட்ட உறையைத் திரும்பச் சேகரிக்கச் சொல்லும் மத்திய அரசின் உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் ஆலையைப் பார்க்கின்றன. மாநகராட்சியின் தரம்பிரிப்பு விதி, காலையில் வாசலுக்கு வரும் வண்டியைப் பார்க்கிறது. அந்தக் காலிப் பாக்கெட்டைக் கடைசியில் காசு கொடுத்து வாங்கப்போவது யார் என்ற கேள்வியை இவற்றில் எதுவும் நேராகக் கேட்பதில்லை. மறுசுழற்சி என்பது அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்பது என் கருத்து. விற்பவரும் வாங்குபவரும் அதைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீரும்.

முதலில் தடையைப் பார்ப்போம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதிக்கப்படும் என்று 2018 ஜூன் 5 அன்று சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 25-ஆம் தேதி அரசாணை வெளியாகி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 14 பொருள்கள் இருந்தன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், பிளாஸ்டிக் டீ கப், டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், கடையில் பொருள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் பூச்சுள்ள கைப்பை, பிளாஸ்டிக் கொடி, நெய்யாத துணிப்பை ஆகியவை அவை. இந்த ஆணையின் மிக முக்கியமான வார்த்தைகள் 'தடிமன் எவ்வளவாக இருந்தாலும்' என்பவை. தமிழ்நாட்டில் மெல்லிய கவரும் தடித்த கவரும் ஒன்றுபோலவே தடை செய்யப்பட்டவை.

மத்திய அரசின் விதி வேறு வழியில் போகிறது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2021 ஆகஸ்ட் மாதம் செய்யப்பட்ட திருத்தம், கைப்பைகளின் குறைந்தபட்சத் தடிமனை முதலில் 75 மைக்ரானாகவும் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தியது. 120 மைக்ரான் என்றால் 0.12 மில்லிமீட்டர். அதற்குமேல் தடித்த பை மத்திய விதிப்படி செல்லும், தமிழ்நாட்டு ஆணைப்படி செல்லாது. அதே திருத்தம் 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய தாள், காது குடையும் பஞ்சுக்குச்சியின் பிளாஸ்டிக் தண்டு போன்றவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பூச்சுள்ள காகிதக் கப் கிடையாது, தமிழ்நாட்டுப் பட்டியலில் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து மொத்தமாக வரும் சரக்கின் மேல் '120 மைக்ரான், அனுமதிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி விற்கும் கடைக்காரரையும், அதை நம்பி வாங்கி அபராதம் கட்டும் தள்ளுவண்டிக்காரரையும் இந்த வேறுபாடுதான் உருவாக்குகிறது.

பொடி விற்பவருக்கு இன்னும் நேரடியாகத் தொடர்புடைய ஒரு மாற்றம் உண்டு. 2018 ஆணையில், விற்பனைக்கு வரும் முன்பே பொருளை அடைத்து மூடும் உறைகளுக்கு விலக்கு இருந்தது. பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கும் விலக்கு இருந்தது. இவற்றில் முதல் விலக்கை 2020 ஜூன் மாத ஆணை ஒன்று நீக்கியது. ஆயினும் மளிகைக் கடையின் முகப்பில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ், ஷாம்பு, மசாலாப் பாக்கெட்டுகள் இன்றும் அப்படியேதான் தொங்குகின்றன. எழுத்தில் இருப்பதும் தெருவில் நடப்பதும் இவ்வளவு தூரம் விலகி நின்றால், சட்டத்துக்குக் கட்டுப்பட விரும்பும் சிறு வியாபாரி எதைப் பார்த்து நடப்பது என்று புரியாமல் போவதில் வியப்பில்லை.

அபராத விகிதங்கள் 2019-இல் வகுக்கப்பட்டன. சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், இரண்டாம் முறை 200, மூன்றாம் முறை 500. மளிகை, மருந்துக் கடைகளுக்கு 1,000 ரூபாயில் தொடங்குகிறது. துணிக்கடை, வணிக வளாகம் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு 10,000. தடை செய்யப்பட்ட சரக்கைச் சேமித்து விநியோகிப்பவருக்கு 25,000. விகிதம் நியாயமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சோதனை என்று கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது நடைபாதையில் இருக்கும் பூக்காரம்மாவும் மீன்காரம்மாவும்தான், பூட்டிய கிடங்குகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. அதனால் சுமை கீழே இருப்பவர் மேலேயே விழுகிறது.

சட்டத்தின் குழப்பத்தைவிடப் பொருளின் தோற்றம் செய்யும் குழப்பம் பெரிது. மூன்று பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

டீக்கடைக் காகிதக் கப் முதலாவது. அதைக் கிழித்து, இளஞ்சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து விரலால் தேய்த்தால், காகிதம் கூழாகப் பிரிந்து, உள்பக்கத்திலிருந்து கண்ணாடிபோன்ற ஒரு மெல்லிய தோல் தனியே உரிந்து வரும். அது பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக். எடையில் அது கப்பின் ஒரு சிறு பங்குதான், ஆனால் சூடான டீ ஒழுகாமல் இருப்பதும் அதனால்தான், சாதாரணக் காகித ஆலை அந்தக் கப்பை எடுக்காமல் இருப்பதும் அதனால்தான். பழைய நோட்டுப் புத்தகத்தையும் அட்டையையும் கூழாக்கும் தொட்டியில் இந்தத் தோல் கரையாமல் மிதந்து சல்லடையை அடைத்துக்கொள்ளும். காகிதக் கப்புக்கான தடையை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் தடை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தடிமனான நெய்யாத பைகளை மட்டும், மத்திய அரசின் 2021 திருத்தத்தை ஒட்டி மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது.

அந்த நெய்யாத பை இரண்டாவது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வாங்கியவர் வீடுகளிலெல்லாம் இந்தப் பை நான்கைந்தாவது கிடக்கும். பார்த்தால் துணி, தொட்டாலும் துணி மாதிரி. ஒரு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நூல் ஓட்டம் எதுவும் தெரியாது. ஊடும் பாவும் கிடையாது. அதற்குப் பதில் வரிசையாகச் சிறு சிறு புள்ளிகள் அழுத்தப்பட்டிருக்கும். அந்தப் புள்ளிகளில்தான் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் இழைகள் சூட்டில் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. சில மாதங்கள் வெயில்பட்டால் அது பொடிப்பொடியாக உதிரும். துணி என்று நினைத்து மக்கும் குப்பையில் போடுபவர்களும், பழந்துணியோடு சேர்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அதற்கு வேலை இல்லை.

மூன்றாவதுதான் இன்று வீட்டுத் தொழில் செய்பவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. பழுப்புக் காகிதத்தாலான நிற்கும் பௌச், மேலே ஜிப், நடுவில் சின்னக் கண்ணாடிபோன்ற ஜன்னல். பார்க்க இயற்கைக்கு நெருக்கமானதாகத் தெரிவதால், நல்லது செய்ய நினைக்கும் விற்பனையாளர் கூடுதல் காசு கொடுத்து அதை வாங்குகிறார். அதன் உட்பக்கத்தைக் கிழித்துப் பார்த்தால் காகிதத்தின் பின்னால் பிளாஸ்டிக் படலம், பலவற்றில் நடுவே அலுமினியப் பூச்சும் இருக்கும். காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் உருக்குபவருக்கும் ஆகாது. வெறும் ஒற்றைப் பிளாஸ்டிக்கால் ஆன சாதாரணக் கவர் இதைவிட மறுசுழற்சிக்கு ஏற்றது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் உண்மை அதுதான்.

மக்கும் பை என்று பச்சை நிறத்தில் விற்கப்படுவதைப் பற்றியும் ஒரு சொல். உரமாகக்கூடிய பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர அளவு உண்டு. தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், அந்த விவரம் பையின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் இலைப் படமும் 'பயோ' என்ற சொல்லும் மட்டும் இருந்தால் அந்தப் பையை நம்பக் காரணமில்லை. சான்றிதழ் உள்ள பையும்கூட, 60 டிகிரியை ஒட்டிய சூடு தொடர்ந்து கிடைக்கும் பெரிய உர ஆலையில் மக்கும் வகையில் சோதிக்கப்பட்டதே தவிர, மொட்டைமாடித் தொட்டியில் மக்குவதற்காகச் சோதிக்கப்பட்டதன்று. பழைய பிளாஸ்டிக்கோடு அது கலந்துவிட்டால் உருக்கும் சரக்கையே கெடுக்கும்.

இப்போது, காலிப் பாக்கெட்டை வாங்குபவரிடம் வருவோம். சென்னையில் மறுசுழற்சியின் முதல் வாசல், பழைய பொருள்களை எடைக்கு வாங்கும் காயலான் கடை. தெருத் தெருவாக மூன்று சக்கர வண்டியில் வருபவர், குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்குபவர், உலர் குப்பையைத் தனியே எடுத்து வைக்கும் தூய்மைப் பணியாளர், எல்லாரும் கடைசியில் எடை போடும் இடம் அது. அங்கே எதற்கு விலை உண்டோ அது மறுசுழற்சிக்குப் போகும், விலை இல்லாதது கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகும். பாக்கெட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் முக்கோண அம்புக்குறிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. முக்கோணத்துக்குள் இருக்கும் எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது: 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் வகை), 2 உயர் அடர்த்தி பாலிஎத்திலீன், 4 பால் கவர் வகை, 5 பாலிபுரொப்பிலீன், 7 என்றால் மற்றவை. பல அடுக்குப் பௌச்சுகள் பெரும்பாலும் இந்த 7-இல்தான் அடங்கும்.

ஜிப் பௌச்சையும் பிஸ்கட் உறையையும் கழுவி, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போனால், "இதெல்லாம் ஓடாதுக்கா, பால் கவர் இருந்தா குடு" என்பதுதான் அந்தக் கடையில் கிடைக்கும் பதில். ஏன் ஓடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் 40 பாட்டில் சேர்ந்தால் ஒரு கிலோ. கைப்பை 4 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 250 பை பொறுக்க வேண்டும். ஷாம்பு விற்கும் சாஷே போன்ற சிறு பாக்கெட் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். குனிந்து எடுப்பவரின் உழைப்புக்கு அந்த எடை ஈடு கொடுக்காது. அதற்குமேல், பல அடுக்குப் பொருளில் ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு சூட்டில் உருகும், சேர்த்து உருக்கினால் வலுவில்லாத கட்டிதான் மிஞ்சும். எண்ணெயும் குழம்பும் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் கழுவத் தண்ணீரும் ஆளும் வேண்டும், அந்தச் செலவை விலை தாங்காது. பால் கவருக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரே பொருள், எல்லா வீட்டிலும் தினமும் சேரும், ஒருமுறை அலசினால் சுத்தமாகிவிடும். அதை வெட்டும்போது மூலையைத் தனியே துண்டித்து எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டினால் அந்தத் துணுக்கும் சேர்ந்து போகும். எறியப்பட்ட துணுக்கை யாரும் பொறுக்குவதில்லை, அது நேரே கழிவுநீர்க் கால்வாயில் போய்ச் சேரும்.

வீட்டுக்குள் வந்தால் வேறொரு குழப்பம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. சேமிப்புத் தொட்டிகளுக்கு அந்த விதிகள் சொன்ன நிறம் பச்சை, வெள்ளை, கறுப்பு. தெருவில் நாம் பார்ப்பதோ பச்சையும் நீலமும். பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் உறையில் சுற்றி மக்காத குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்றன அந்த விதிகள். அதைப் பின்பற்றினால், பிரிக்கும் கொட்டகையில் பால் கவரையும் அட்டையையும் பொறுக்கும் பெண்ணின் கைக்கு நேரே அதுவும் வந்து சேரும். பல வீடுகளில் அதை ஈரக் குப்பையில் போடுகிறார்கள், அங்கே உரம் கெடுகிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் சுகாதாரக் கழிவை நான்காவது பிரிவாகத் தனியே எடுத்து வைக்கச் சொன்னது இந்தக் குறையை உணர்ந்துதான். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பணியாளர்களுக்கு மதிப்பளிப்பது என்று நான் நினைக்கிறேன்.

'மக்காத குப்பை' என்ற ஒரே தலைப்பின் கீழ் விற்கக்கூடியதும் விற்க முடியாததும் கலந்துவிடுவதுதான் வீடுகளில் நேரும் பெரிய இழப்பு. தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டை, இரும்பு, அலுமினியம் இவை ஒரு பக்கம். சாஷே, ஜிப் பௌச், பூச்சுள்ள கப், தெர்மாகோல் இவை மறுபக்கம். இரண்டையும் ஒரே பையில் கட்டி, நடுவில் சாம்பார் ஊற்றிய கவர் ஒன்றையும் வைத்துவிட்டால் முதல் பக்கத்தின் மதிப்பும் போய்விடுகிறது. விற்கக்கூடியதை ஒரு கோணிப்பையில் தனியாகச் சேர்த்து, காயலான் கடைக்கோ பழைய பேப்பர்காரருக்கோ தூய்மைப் பணியாளருக்கோ நேரடியாகக் கொடுக்கும் பழக்கம் வடசென்னையின் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அரசு விதி எதுவும் கற்றுக்கொடுக்காமல் தாமாக வந்த அந்தப் பழக்கம், மூன்று நிறத் தொட்டிகளைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த விஷயம் வடசென்னைக்கு ஏன் கூடுதல் கனமானது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை மாநகராட்சியில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது, அதில் ஒரு பெரிய பங்கு கொடுங்கையூரில் கொட்டப்படுகிறது. பல்லாண்டுகளாகக் குவிந்த பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணி அங்கே நடக்கிறது. அளவு 60 லட்சம் டன்னுக்கும் மேல். அதே வளாகத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்கும் திட்டத்தை வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் எதிர்த்து வருகின்றன. மணலி சின்னமாத்தூரில் உலர் குப்பையை எரிக்க மாநகராட்சி அமைத்த சிறிய ஆலையின் புகை பற்றியும் சுற்றுப்புற மக்கள் புகார் சொன்னார்கள். பெட்ரோலிய ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் பகுதி இது. காயலான் கடை வாங்க மறுக்கும் பாக்கெட் ஒவ்வொன்றும் கடைசியில் புதைக்கப்படும் அல்லது எரிக்கப்படும். எங்கே என்று கேட்டால், அண்ணா நகரில் வாங்கிய பாக்கெட்டுக்கும் பெரம்பூரில் வாங்கியதற்கும் பதில் பெரும்பாலும் வடக்கே ஓரிடமாகத்தான் இருக்கிறது. பிவிசி என்னும் பிளாஸ்டிக் கலந்த குப்பை எரியும்போது டயாக்ஸின் போன்ற நச்சுகள் உண்டாகும் என்பதால், எதை எரிக்கிறோம் என்பதும் பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அந்த முடிவு உண்மையில் எங்கே எடுக்கப்படுகிறது? பொடி விற்பவரின் வீட்டில் என்று சொல்ல முடியாது. பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் எந்தப் பாக்கெட் நூறு, இருநூறு என்ற சிறு எண்ணிக்கையில் கிடைக்கிறதோ அதைத்தான் அவர் வாங்க முடியும். ஒற்றைப் பொருளால் ஆன, ஜிப்புள்ள, நல்ல தரமான பௌச் தயாரிக்கும் ஆலைகள் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தால்தான் அச்சிட்டுத் தருவார்கள். 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் பிளாஸ்டிக் உறைகளை நான்கு வகையாகப் பிரித்தன: கெட்டியான டப்பாக்கள், நெகிழும் உறைகள், பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்கு உறைகள், உரமாகும் பிளாஸ்டிக். சந்தையில் விட்ட அளவுக்கேற்பத் திரும்பச் சேகரிக்கும் கடமையையும் அவை விதித்தன. பிராண்டு உரிமையாளர் குறுந்தொழில் அல்லது சிறுதொழில் என்றால் இந்தக் கடமை கிடையாது. பொடி விற்பவருக்கு அது நிம்மதிதான். ஆனால் அவர் வாங்கும் பௌச்சைத் தயாரித்தவர் மீதுள்ள கடமை, கொருக்குப்பேட்டைத் தெருவில் கிடக்கும் காலிப் பாக்கெட்டைத் தேடி வருவதில்லை. கணக்கு எங்கோ ஒரு சிமென்ட் ஆலையில் எரிக்கப்பட்ட டன்களின் சான்றிதழாக நேராகிவிடுகிறது.

இந்த எல்லைக்குள் நின்றே சில தேர்வுகளைச் செய்ய முடியும். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் பொடிக்கு அலுமினியப் பூச்சுப் பௌச் தேவையில்லை. கொஞ்சம் தடித்த, ஒற்றைப் பொருளால் ஆன, நிறமில்லாத கவரைச் சூட்டில் ஒட்டிக் கொடுத்தால் மணம் அதுவரை தாங்கும், மேலே காகிதச் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். கவரின் மேலேயே பல நிறத்தில் அச்சிடுவது மறுசுழற்சியில் விலையைக் குறைக்கும் என்பதால் தனிச் சீட்டே நல்லது. ஆறு மாதம் தாங்க வேண்டும், வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றால் பெட் டப்பா பரவாயில்லை. காயலான் கடையில் அதற்கு எப்போதும் விலை உண்டு, அதற்குமுன் வீட்டில் கடுகும் சீரகமும் போட்டு வைக்கவும் ஆகும். அக்கம்பக்கத்திலேயே விற்பவருக்குக் கண்ணாடி பாட்டில்தான் சிறந்தது. டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவியதே, கையில் காசு திரும்பக் கிடைத்தால் பாட்டில் திரும்ப வரும் என்பதற்குப் போதிய சான்று. ஊறுகாய் விற்பவரும் பாட்டிலுக்கென்று ஒரு சிறு தொகையை விலையில் சேர்த்து, காலி பாட்டில் வந்ததும் கழித்துக்கொள்ளலாம்.

ஹோட்டல் பார்சலில் வாழையிலையும் மந்தாரை இலையும் பாக்குமட்டையும் நாம் அறிந்தவையே. அவற்றுக்கு மேலே சுற்றும் செய்தித்தாள்தான் சிக்கல். உணவை அச்சிட்ட தாளில் கட்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் உணவு உறை விதிகள் சொல்கின்றன. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும் என்பதே காரணம். அச்சில்லாத பழுப்புத் தாள் வாங்கினால் பிரச்சினை தீரும். சாம்பாருக்கும் சட்னிக்கும் எளிய மாற்று இன்னும் வரவில்லை. மூடியுள்ள வெள்ளை டப்பா தடைப் பட்டியலில் இல்லை, வீடுகளில் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது, ஆனால் விலை கூடுதல், அந்த விலையைச் சின்ன இட்லிக் கடை தாங்காது. தூக்கு கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றும் கடைகள் இன்னும் உண்டு, அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவது புதிய பொருளைத் தேடுவதைவிட எளிது.

காசிமேட்டில் மீனும் கருவாடும் வாங்குபவர்களுக்குக் கறுப்புக் கவர்தான் பழக்கம். தடையில் இருக்கும் பொருள், மறுசுழற்சியிலும் கடைசிப் படியில் இருப்பது, ஏனென்றால் பலமுறை உருக்கிய கழிவில் நிறம் சேர்த்து அதைச் செய்கிறார்கள், மீண்டும் உருக்க அதில் வலு இருக்காது. மீனுக்கு ஒயர் கூடையும் எவர்சில்வர் பாத்திரமும் போதும். மீன் ஏற்றிவரும் தெர்மாகோல் பெட்டிகள் தடைப் பட்டியலில் இல்லாவிட்டாலும், எடையில்லாத, இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் காயலான் கடை ஏறெடுத்தும் பார்க்காது. உடைந்த பெட்டிகள் துறைமுக ஓரத்திலும் கடலிலும் மிதப்பதற்கு அதுவே காரணம். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாற மொத்த வியாபாரிகளால் முடியும், தனி மீன்காரம்மாவால் முடியாது. கூரியரில் பொருள் அனுப்புபவர்கள் அட்டைப் பெட்டிக்குக் காகித டேப் ஒட்டினால் பெட்டி முழுதாக விலை போகும். வெளியே காகிதமும் உள்ளே பபிள் ஷீட்டும் ஒட்டிய உறை எதற்கும் ஆகாது.

மாநகராட்சியின் பங்கு இங்கேதான் வருகிறது. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியதும், கோயம்பேட்டில் 10 ரூபாய்க்குப் பை தரும் இயந்திரம் வைத்ததும் நல்ல தொடக்கங்கள். ஆனால் பைக்குள் போகும் பாக்கெட்டைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு மண்டலத்திலும் எந்தப் பொருளை உள்ளூர்க் காயலான் கடைகள் வாங்குகின்றன, எதை வாங்குவதில்லை என்று அந்தக் கடைக்காரர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் கேட்டு ஒரு பட்டியல் போட்டு, வண்டியின் பக்கவாட்டில் படத்தோடு ஒட்டினால், வீட்டிலிருப்பவருக்கும் விற்பவருக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே கூட்டாகச் சேமிக்கவும் கடன் வாங்கவும் பழகியவை. ஒரு மண்டலத்தின் பொடி, ஊறுகாய், கருவாடு விற்பவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒற்றைப் பொருள் பௌச்சை ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்து, தேவைக்கேற்ப நூறு நூறாகப் பிரித்துக்கொள்ளலாம். அச்சில்லாத ஒரே அளவுப் பௌச்சாக வாங்கி, அவரவர் சீட்டை அவரவர் ஒட்டிக்கொண்டால், மொத்தக் கடை நிர்ணயிக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை அவர்களுக்குத் தடையாக இருக்காது.